ஏழு நாள் தாமதம், ஒரு மெமோ: நான் செய்தது சரியா?

வெண்ணாறு | வெள்ளி, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். பதவி உயர்வில் வந்து இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. அதற்கு முன் பதினேழு வருஷம் கணக்கு டீச்சர். ஊர், வகுப்பு, சின்னச் சின்ன விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆள் யாரென்று யாரும் தேட வேண்டாம்.

மூன்றாம் வகுப்பு எடுக்கும் டீச்சர் ஒருவர். நல்ல டீச்சர், அதில் சந்தேகமே இல்லை. அவர் வகுப்பில் படித்த பிள்ளை நாலாம் வகுப்புக்கு வரும்போது கூட்டல் கழித்தலில் தடுமாறாது. அப்படிப்பட்டவர் பள்ளி திறந்ததிலிருந்து அடிக்கடி தாமதம். ஒன்பதேகாலுக்கு பிரேயர் என்றால் அவர் கேட்டுக்குள் நுழையும்போது ஒன்பது ஐம்பது. இரண்டு தடவை வாயால் கேட்டேன். "பஸ் மேடம்" என்றார். மற்ற டீச்சர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் உள்ளே வரும்போது கடிகாரத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைதான் என்னைப் பிடுங்கித் தின்றது.

ஒரு மாதத்தில் ஏழு நாள் ஆனதும் மெமோ கொடுத்தேன். பதில் ஒரே வரியில் வந்தது: "இனி தாமதம் ஏற்படாது." அதற்குப் பிறகு அந்த டீச்சர் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நான் ஸ்டாஃப் ரூமுக்குள் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. நேற்று ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை, "எங்க டீச்சர் இப்பல்லாம் கதையே சொல்றதில்ல மேடம்" என்றது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காலையில் பள்ளிக்குப் போனால் எமிஸ் (ஆன்லைன் பள்ளிப் பதிவு), சத்துணவு எண்ணிக்கை, கட்டட வேலை, பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ் போன் என்று பன்னிரண்டு மணி வரை உட்கார முடிவதில்லை. சாக்பீஸ் பிடித்துப் பல மாதம் ஆகிவிட்டது. போன வாரம் என் பெண், "அம்மா, நீ வீட்லயும் ஹெச்எம் மாதிரியே பேசற" என்றாள்.

கேள்வி இதுதான். மெமோ கொடுத்தது தப்பா? கொடுக்காமல் விட்டால் பள்ளி என்ன ஆகும்? மனுஷத்தன்மையோடு ஒரு பள்ளியை நடத்துவது என்று பயிற்சியில் எல்லாம் சொல்கிறார்களே, நடைமுறையில் அது எப்படி?


கடைமடைக்காரன் | வெள்ளி, இரவு 10.41

மேடம், மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் எங்கள் ஊர் வாய்க்காலுக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சென்னையிலிருந்து காலையில் கிளம்பும் சுற்றறிக்கை மதியத்துக்குள் வாட்ஸப்பில் வந்துவிடும், அதுவும் முறை வைக்காமல். உங்கள் கேள்விக்கு இது பதில் இல்லை. மனசு ஆறட்டும் என்று எழுதினேன்.


அறிவியல் டீச்சர் | வெள்ளி, இரவு 11.05

எல்லோரும் இப்போது வந்து "பாவம், அந்த டீச்சருக்கு என்ன கஷ்டமோ" என்று எழுதப் போகிறீர்கள். அதற்கு முன் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். மெமோ சரி.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் (எந்த மாவட்டம் என்றுகூடச் சொல்ல மாட்டேன்) ஹெச்எம் மிக நல்லவர். யார் எது கேட்டாலும் "போங்கம்மா, பார்த்துக்கலாம்" என்பார். பார்த்துக்கொண்டது யார்? நான். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பள்ளிக்குப் பக்கத்திலேயே வாடகை வீடு. ஒருவர் பிள்ளைக்கு ஜுரம் என்றால் அவர் பீரியட் எனக்கு. ஒருவர் வீட்டில் விசேஷம் என்றால் அதுவும் எனக்கு. வாரத்தில் என் ஓய்வு பீரியட் ஒன்றுகூட மிஞ்சாது. வருஷக் கடைசியில் பிரிவு உபசார விழாவில் எல்லோரும் அந்த ஹெச்எம்மின் கருணை உள்ளத்தைப் புகழ்ந்து அழுதார்கள். நான் பின் வரிசையில் உட்கார்ந்து திருத்தாத நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

அவர் அள்ளிக் கொடுத்தது அவர் களத்து நெல் இல்லை. அதைத்தான் சொல்கிறேன்.

வெண்ணாறு மேடம், அந்த ஏழு நாளும் முதல் அரை மணி நேரம் மூன்றாம் வகுப்பில் யார் இருந்தார்கள்?


வெண்ணாறு | வெள்ளி, இரவு 11.18

எட்டாம் வகுப்பு லீடர் பெண்ணை உட்கார வைத்தேன். இரண்டு நாள் பக்கத்து வகுப்பு டீச்சர் பார்த்துக்கொண்டார்.


வள மையம் | சனி, காலை 6.50

அறிவியல் டீச்சர் கேட்டது முக்கியமான கேள்வி. நான் ஆசிரியர் பயிற்றுநர், ஒன்றியத்தில் பள்ளி பள்ளியாகப் போகிறவன்.

இது ஜூலை மாதம் என்பதால் சொல்கிறேன். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். கீற்றுக் கொட்டகை, அடுப்பு, குறுகலான இடம் என்று காரணங்கள் பல. அதற்கு அப்புறம் இந்தப் பக்கத்தில் பள்ளி நடத்தும் யாருக்கும், ஒரு வகுப்பில் பெரியவர் இல்லாமல் அரை மணி நேரம் என்பது சாதாரண விஷயம் இல்லை. எட்டாம் வகுப்புப் பெண்ணும் குழந்தைதான், மேடம். அவளுக்கும் அந்த நேரம் பாடம் போகிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் 24-ஆம் பிரிவில் ஆசிரியரின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. முதலில் வருவதே தவறாமல், நேரத்துக்குப் பள்ளிக்கு வருவது. அதனால் தாமதத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. அதே சட்டம் 27-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது. 17-ல் குழந்தையை அடிக்கக்கூடாது, மனதளவிலும் துன்புறுத்தக்கூடாது என்கிறது. டீச்சர் மனசைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதை நாமாகப் பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டார்கள் போல.

நீங்கள் ஒழுங்கு நடவடிக்கை விதி 17 ஏ, 17 பி என்று மேலே எழுதாமல் மெமோவோடு நிறுத்தியதே பெரிது. எனக்குத் தெரிந்து இரண்டாவது தாமதத்துக்கே பிஇஓவுக்கு எழுதிய ஆள் உண்டு.


லஸ்கர் மகன் | சனி, காலை 8.15

நான் ஆசிரியர் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். படித்துக்கொண்டே வந்தேன், ஒரு விஷயம் உறுத்தியது.

என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். மதகு ஷட்டரை ஏற்றி இறக்குவது மட்டும் அவர் வேலை இல்லை. தினமும் கரையில் நடக்க வேண்டும். சின்ன வயதில் லீவு நாளில் நானும் கூடப் போவேன். தண்ணீர் எவ்வளவு போகிறது என்று அளவுகோலைப் பார்த்து நோட்டில் எழுதுவார். அது ஆபீசுக்கு. அப்புறம் கரையின் வெளிப்பக்கம் இறங்கிக் காலால் மண்ணை மிதித்து மிதித்துப் பார்ப்பார். ஈரம் கசிகிற இடத்தில் குனிந்து கையை விடுவார். நண்டு வளை. ஒரு குத்து வைக்கோலும் களிமண்ணும் போட்டு அடைத்துவிட்டு நடப்பார். "நோட்டுல இருக்கறது தண்ணி கணக்குடா, கரை கணக்கு காலுக்குத்தான் தெரியும்" என்பார்.

மேடம், ஏழு நாள் என்று எண்ணியிருக்கிறீர்கள். எந்தெந்த நாள் என்று பார்த்தீர்களா?


வெண்ணாறு | சனி, காலை 8.52

தேதி எல்லாம் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் இருக்கிறது. பதிவேடு பள்ளியில். திங்கள்கிழமை பார்த்துச் சொல்கிறேன். எதற்குக் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.


கோடியக்கரை தாத்தா | சனி, மாலை 4.30

நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியன், வேதாரண்யம் பக்கம். பேரன் தட்டச்சு செய்து கொடுக்கிறான். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் மேல்தான் ஏறியது. மறுநாளிலிருந்து பள்ளி முகாம் ஆகிவிட்டது. நாலாம் வகுப்பில் ஒரு தெருவே படுத்திருந்தது. கரும்பலகைக்குக் கீழே ஒரு ஆடு. கரண்ட் வர வாரக் கணக்கில் ஆனது. நான் தலைமையாசிரியன் அல்லவா, தார்ப்பாய் வந்தால் நான்தான் வாங்குவேன், நான்தான் கையெழுத்துப் போடுவேன், நான்தான் கொடுப்பேன். வேறு யாரையும் பக்கத்தில் விடவில்லை. நேர்மையாக நடக்க வேண்டும் என்று எண்ணம். கொஞ்சம் பெருமையும் இருந்தது, இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனேன். மனைவி அடுப்பங்கரையில் குடை விரித்து வைத்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஓடு பாதி போயிருந்தது. "ஊருக்கெல்லாம் தார்ப்பாய் கொடுத்தீங்களாமே" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் ஒரு வாரம் பேசவில்லை. இன்றைக்கும் மழை பெய்தால் அந்தக் குடையை எடுத்து ஹாலில் வைப்பாள், விளையாட்டுக்கு.

பள்ளி திறந்த அன்று ஒரு ஆசிரியை வந்தார். அவர் வீட்டில் ஒன்றும் மிச்சம் இல்லை என்று எனக்குத் தெரியாது. முதல் மூன்று நாளும் ஒரே புடவை. மூன்றாம் நாள் பிள்ளைகள் நனைந்த புத்தகத்தை வராந்தாவில் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒட்டிக்கொண்ட பக்கங்களைத் தென்னை ஈர்க்கால் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. நான் போய் "பாடக்குறிப்பு எழுதலையா?" என்று கேட்டேன். ஆமாம், அதைத்தான் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "எழுதற நோட்டும் காயுது சார்" என்று கையைக் காட்டினார். வரிசையில் கடைசியில் அவர் நோட்டும் இருந்தது.

அன்றைக்கு நான் பம்ப் ரூமுக்குப் பின்னால் போய் நின்றது எனக்கும் அந்தச் சுவருக்கும்தான் தெரியும்.

அதற்கு அப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். தினமும் ஒரு பீரியட், நாலாம் வகுப்புக் கணக்கு, என்னுடையது. கலெக்டரே வந்தாலும் அந்த நாற்பது நிமிஷம் நான் வாத்தியார். பாடம் நடத்தினால் கோபம் குறைகிறது, இது என் அனுபவம். ஒரு பையனுக்கு வகுத்தல் வரவில்லை என்று நாலு நாள் மல்லுக்கட்டினால், அடுத்த வகுப்பு டீச்சரிடம் "ஏன் தேர்ச்சி விகிதம் குறைந்தது" என்று கேட்கிற குரல் தானாக இறங்கிவிடும். சாக்பீஸ் பிடித்துப் பல மாதம் என்றீர்களே அம்மா, அங்கேதான் பிடி நழுவியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.


அறிவியல் டீச்சர் | சனி, மாலை 5.12

ஐயா, உங்கள் மாதிரி ஒரு பீரியட் எடுக்கிற ஹெச்எம் எனக்கு வாய்த்திருந்தால் நான் நேற்று அப்படி எழுதியிருக்க மாட்டேன்.


குடந்தை தமிழ் | சனி, இரவு 9.00

நம் ஊர் ஆசிரிய மரபைப் பற்றி ஒரு வார்த்தை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் பாடம் சொன்னார். மாணவரிடம் சம்பளம் வாங்கவில்லை, அவர்கள் சாப்பாட்டுக்கும் தானே கவலைப்பட்டார். சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவரும் அவர் வீட்டுப் பிள்ளை மாதிரிதான் கூடவே இருந்தார். கையில் காசு நின்றதில்லை, கடன் நின்றது. மாணவனை முழு ஆளாகப் பார்ப்பது என்பது ஏதோ வெளியூர்ச் சரக்கு என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஆனால் அவரையும் தெய்வமாக்க வேண்டாம். உ.வே.சா. மாயூரத்தில் அவரிடம் தமிழ் படித்தபோதே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் கற்றார். மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் சங்கீதத்தை விட்டுவிட்டார். அவ்வளவு பெரிய மனசிலும் ஓரத்தில் இப்படி ஒரு கரடு. பிள்ளையிடமே படித்த தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியிலிருந்து ஓய்வு பெறும்போது, 1880-ல், தன் நாற்காலிக்கு உ.வே.சா.வைக் கைகாட்டிவிட்டுப் போனார். எனக்கு என்னவோ செட்டியார் செய்ததுதான் தலைமைக்கு நல்ல உதாரணமாகப் படுகிறது. அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.


கடைமடைக்காரன் | சனி, இரவு 9.07

சங்கீதம் படித்ததற்கு அவருக்கு மெமோ கொடுக்கவில்லையே, அந்த மட்டில் சரி.


நாற்றங்கால் | ஞாயிறு, காலை 11.30

நான் தஞ்சாவூரில் நர்ஸ். படித்தது நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளி.

அம்மா நடவுக்குப் போவாள். நடவு நாளில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது, நான் பள்ளிக்குப் போக மாட்டேன். நாலாம் வகுப்பில் ஒரு டீச்சர் "ஏன் வரலை?" என்று கேட்டதே இல்லை. ஒரு நாள் எங்கள் தெருவுக்கே வந்து, "நாளைக்குத் தம்பியையும் தூக்கிக்கிட்டு வா" என்றார். மறுநாளிலிருந்து தம்பி கரும்பலகைக்குக் கீழே சாக்கு விரித்துத் தூங்கினான். அழுதால் டீச்சர் ஒரு கையில் அவனைத் தூக்கிக்கொண்டு மறு கையால் எழுதுவார். ஹெச்எம் சார் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் தம்பியைப் பார்த்து, "இவனுக்கு இன்னும் ரோல் நம்பர் போடலையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இப்போது காலைச் சிற்றுண்டி எல்லாம் வந்துவிட்டது. 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில்தான் அதை மாநிலம் முழுக்க விரிவாக்கினார்கள், எங்கள் பக்கம்தான். என் அக்கா பிள்ளை படிக்கிற பள்ளியில் ஹெச்எம் அம்மா காலையில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து அதே உப்புமாவைச் சாப்பிடுகிறாராம். யார் தட்டைத் தள்ளி வைக்கிறது, யார் இரண்டாம் தடவை கேட்கிறது, யார் அண்ணன் வரவில்லை, எல்லாம் அங்கேயே தெரிந்துவிடுகிறது என்கிறாள் அக்கா.


பேராவூரணி | ஞாயிறு, மதியம் 1.15

மெட்ரிக் பள்ளிக்காரன் ஒரு வார்த்தை சொல்லலாமா? எங்களுக்குக் கைரேகை மெஷின். ஐந்து நிமிஷம் தாமதம் என்றால் சம்பளத்தில் பிடித்தம். மெமோவும் இல்லை, மனவருத்தமும் இல்லை. கேட்பதற்கு எளிதாக இருக்கிறதா? மூன்று வருஷத்தில் என்னோடு சேர்ந்தவர்களில் ஒருவரும் இப்போது இல்லை. பிள்ளைகள் ஜூன் மாதம் வந்ததும் முதலில் கேட்பது, "அந்த மிஸ் இருக்காங்களா?"


வெண்ணாறு | திங்கள், மதியம் 1.40

லஸ்கர் மகன் சார், பார்த்துவிட்டேன். ஏழும் செவ்வாய், வெள்ளி. ஒன்றுகூட மாறவில்லை. மற்ற நாளில் அந்த டீச்சர் எனக்கு முன்னாலேயே வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

கணக்கு டீச்சர் நான். ஏழு என்று எண்ணத் தெரிந்தது.


நாற்றங்கால் | திங்கள், மதியம் 2.05

மேடம், செவ்வாய் வெள்ளி என்றதும் எனக்குச் சட்டென்று எங்கள் யூனிட் ஞாபகம் வந்தது. டயாலிசிஸுக்கு வருகிறவர்களுக்கு அப்படித்தான் முறை. சிலருக்குத் திங்கள் வியாழன், சிலருக்குச் செவ்வாய் வெள்ளி. ஒரு தடவை மெஷினில் போட்டால் நாலு மணி நேரம். முதல் ஷிஃப்டுக்கு விடியற்காலையே கூட்டிக்கொண்டு வந்து, ஊசி குத்தி ரத்தம் ஓட ஆரம்பிக்கிற வரை கூட நின்றுவிட்டு, அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிற பெண்களை வாரா வாரம் பார்க்கிறேன். கையில் டிபன் பாக்ஸ், தோளில் நோட்டுக் கட்டு. அவர்களில் இரண்டு பேர் டீச்சர்தான்.

இது என் ஊகம். வேறு எதுவாகவும் இருக்கலாம். அவரையே கேளுங்கள், ஆனால் ஆபீஸ் ரூமில் வைத்துக் கேட்காதீர்கள்.


அறிவியல் டீச்சர் | திங்கள், இரவு 8.20

காரணம் எதுவாக இருந்தாலும் மூன்றாம் வகுப்பு அரை மணி நேரம் ஆளில்லாமல் இருக்கக்கூடாது என்பதில் நான் மாறவில்லை. காரணம் தெரிந்த பிறகு அந்த அரை மணி நேரத்தை யார் தலையில் கட்டுவீர்கள் என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "டீச்சருக்குக் கஷ்டம், நீங்க கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று பக்கத்து வகுப்பிடம் சொல்லப் போகிறீர்கள் என்றால், அங்கே இன்னொரு நான் உருவாகிறேன். ஸ்டாஃப் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் பேசி, நோட்டில் எழுதி, முறை வையுங்கள். வீட்டு விவரம் சொல்ல வேண்டாம், ஏற்பாட்டை மட்டும் சொல்லுங்கள். முதல் முறை உங்களுடையதாக இருக்கட்டும்.


வள மையம் | திங்கள், இரவு 8.45

இதை வழிமொழிகிறேன். எமிஸ் பதிவை உங்களுக்கு உதவியாக இன்னொருவர் முதல் அரை மணியில் முடிக்கலாம், அதை நீங்களே பத்து மணிக்கு மேல் சரிபார்க்கலாம். பிஇஓ ஆபீஸ் போன் பத்து மணிக்கு முன் வருவது அபூர்வம், என் அனுபவத்தில்.


கோடியக்கரை தாத்தா | செவ்வாய், காலை 5.40

அம்மா, இன்று செவ்வாய். கேட்டில் நிற்காதீர்கள்.


வெண்ணாறு | அடுத்த வாரம் சனி, இரவு 9.55

ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, மன்னிக்கவும். எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

தாத்தா சொன்னதைப் படித்துவிட்டுத்தான் அந்தச் செவ்வாய் போனேன். கேட்டில் நிற்கவில்லை. மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஒன்பது நாற்பத்தைந்துக்கு டீச்சர் ஓட்டமும் நடையுமாக வந்தார். "இனி தாமதம் ஏற்படாது" என்று எழுதிக் கொடுத்தவர், என்னை அவர் வகுப்பிலேயே பார்த்ததும் வாசலில் நின்றுவிட்டார். முகம் செத்துவிட்டது. நான் "தண்ணி குடிச்சிட்டு வாங்க டீச்சர், வாய்ப்பாடு போயிட்டிருக்கு" என்றேன். வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் பேசினோம். விவரம் எழுத மாட்டேன். நாற்றங்கால் சிஸ்டரின் ஊகம் கிட்டத்தட்ட சரி, அவ்வளவு போதும். "ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன். "சொன்னா டிரான்ஸ்பர் வாங்கிக்கங்கன்னு சொல்லிடுவீங்களோன்னு" என்றார். போன வருஷம் ஒரு மீட்டிங்கில் நான் வேறு யாரையோ பற்றி அப்படிச் சொன்னேனாம். எனக்கு ஞாபகமே இல்லை.

மெமோவுக்கு மன்னிப்புக் கேட்டேன். அப்போது டீச்சர் சொன்னதை இங்கே எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். "மெமோ கொடுத்தது நியாயம்தான் மேடம். லேட்டா வந்தேன், கொடுத்தீங்க. ஆனா அதை ஏழாவது படிக்கற பொண்ணு கைல கொடுத்து விட்டீங்க. அது மடிச்ச பேப்பர், வர்ற வழில படிச்சிட்டுத்தான் வந்துச்சு."

முதல் பதிவில் நான் இதைச் சொல்லவே இல்லை. மறைக்கவில்லை, தப்பாகவே தோன்றவில்லை. அன்றைக்கு ஆபீசில் இரண்டு போன், வெளியே கட்டட காண்ட்ராக்டர், வாசலில் அந்தப் பெண் நின்றது, கொடுத்துவிட்டேன். மெமோ சரியா தப்பா என்று இத்தனை நாள் உங்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன், அந்த டீச்சர் கூசிப்போய் நின்ற இடம் இதுவாம்.

அறிவியல் டீச்சர் சொன்னபடி ஸ்டாஃப் மீட்டிங் போட்டேன். செவ்வாய், வெள்ளி முதல் பீரியட் மூன்றாம் வகுப்பு என்னுடையது. பதிலுக்கு அந்த டீச்சர் மாலையில் கடைசி பீரியட் எனக்காக ஐந்தாம் வகுப்புக்கு வாசிப்புப் பயிற்சி எடுக்கிறார். அவர்தான் கேட்டு வாங்கினார், சும்மா விட்டுக்கொடுத்தது போல இருக்க வேண்டாம் என்று. நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு டீச்சர் மட்டும், "எனக்கும் கஷ்டம் வந்தா இப்படி நோட்டு போடுவீங்களா மேடம்?" என்று கேட்டார். குத்தலாகத்தான் கேட்டார். "போடுவேன்" என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

ஸ்டாஃப் ரூமில் நான் போனால் இன்னும் பேச்சு நிற்கிறது. முன்பு மாதிரி முழுசாக இல்லை.


அறிவியல் டீச்சர் | சனி, இரவு 10.10

அந்தக் குத்தல் டீச்சரைக் கவனியுங்கள் மேடம். அவரிடமும் ஏதோ இருக்கிறது.


வெண்ணாறு | சனி, இரவு 10.16

இருக்கிறது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அவர் லீவு எடுத்த நாள்களை நேற்றே எடுத்துப் பார்த்தேன், கிழமையோடு.


கடைமடைக்காரன் | சனி, இரவு 10.20

வகுப்பு எப்படிப் போகிறது மேடம்?


வெண்ணாறு | சனி, இரவு 10.31

கணக்கு பரவாயில்லை. கதைதான் தேறவில்லை. நேற்று வெள்ளி, நரியும் கொக்கும் சொன்னேன். முடித்ததும் முன் வரிசைப் பையன் எழுந்து, "டீச்சர் சொன்னா நரி இருமும் மேடம், கொக்கு மூக்கு மாட்டிக்கும்போது அதுவும் இருமும்" என்றான். எப்படி என்று கேட்டேன். வகுப்பே இருமிக் காட்டியது. அடுத்த செவ்வாய்க்குள் பழகிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.